முழங்கால் மூட்டு மாற்றிய பிறகு: பிசியோ வீட்டுக்கு வருவதா, நாம் சென்டருக்குப் போவதா?

வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் வாங்கும் தொகை பெரும்பாலும் சென்டர் கட்டணத்தைவிட அதிகம். சென்டருக்கோ போக வர ஆட்டோ, கூடவே துணைக்கு ஓர் ஆள். கூட்டிக் கழித்தால் பெரிய வித்தியாசம் நிற்காது. அதனால் பணத்தை விட்டுவிட்டு, எந்த வாரத்தில் கால் எதைக் கேட்கிறது என்று பார்ப்பதே சரி.

முதல் இரண்டு வாரம் வீடுதான். காலை முழுதாக நீட்டுவது, 90 டிகிரி வரை மடக்குவது, இந்த இரண்டும்தான் அப்போதைய வேலை. கட்டிலும் நாற்காலியும் ஒரு துண்டும் போதும். வீங்கிய காலோடு ஆட்டோவில் குலுங்கிப் போய்வந்தால் பயிற்சிக்குத் தெம்பு மிஞ்சாது. வீட்டுக்கு வருபவர் கண்ணில் கட்டிலின் உயரம், பாத்ரூம் படி, வாக்கர் நுழையாத கதவு எல்லாம் படும். சென்டரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவே தெரியாத தப்பு ஒன்றும் படும்: முழங்காலுக்கு அடியில் தலையணை. இதமாகத்தான் இருக்கும், ஆனால் கால் லேசாக மடங்கிய நிலையிலேயே இறுகிப்போகும். பிறகு நடையில் நொண்டல் போகாது. தலையணையை எடுத்துவிட்டு, சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் 10 நிமிடம் வையுங்கள். முழங்கால் தன் எடையிலேயே கீழே இறங்கும்.

வீட்டு முறை தடுமாறுவது நான்காவது வாரத்தில். வருபவர் பையில் ரப்பர் பட்டையும் ஒரு கிலோ எடையும்தான் இருக்கும். அதே பயிற்சி, அதே எண்ணிக்கை. தையல் பிரித்து, வாக்கரோடு பயமில்லாமல் நடக்க வந்ததும் சென்டருக்கு மாறிவிடலாம். அறுவைக்குப் பிறகு தொடைத்தசை வெகுவாக வலுவிழந்திருக்கும். எடையைப் படிப்படியாக ஏற்றினால்தான் அது தேறும்: 10 தடவை வீதம் மூன்று சுற்று, அது சுலபமானதும் அரைக்கிலோ கூடுதல். சைக்கிளில் சீட்டை உயர்த்தி வைத்து, பெடலை முதலில் முன்னும் பின்னும் மட்டும் ஆட்ட வேண்டும். முழுச்சுற்று வர ஏறக்குறைய 105 டிகிரி மடங்க வேண்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில்.

சென்டரின் பெரிய குறை 'கரண்ட் வைப்பது'. வலி சற்று மரக்கலாம். மூட்டு மடங்காது, தசை வளராது. அதிலும் மின்காந்த அலையால் ஆழமாகச் சூடு கொடுக்கும் ஷார்ட்வேவ் டயதெர்மியை உலோக மூட்டின் மேல் வைக்கவே கூடாது, உள்ளே சூடேறும். படுத்தபடியே காலை மடக்கிவிடும் வாடகை மெஷினும் பெரிதாகப் பலன் தருவதில்லை. 45 நிமிடத்தில் அரைமணியாவது நீங்களே அசைத்து வியர்க்கவில்லை என்றால் வேறு சென்டர் பாருங்கள்.

செலவே தாங்காது என்றால் அரசு மருத்துவமனை பிசியோ பிரிவு உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டு பிசியோ சேவை இருக்கிறது. தினசரி வருகையை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். வீடியோ பார்த்துச் செய்வது நினைவூட்டலுக்குச் சரி. கோணம் அளக்க அங்கே ஆள் இல்லை.

யார் வந்தாலும், எங்கே போனாலும், நாளுக்கு மூன்று முறை தனியாகச் செய்வதில்தான் மூட்டு மடங்கும். டாக்டர் எழுதிய வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரைமணி முன்பே போடுங்கள். அளவு பார்க்கத் தரை டைல்ஸே போதும்: நாற்காலியை ஒரே கோட்டில் போட்டு உட்கார்ந்து, பாதத்தைப் பின்னால் இழுத்து, பெருவிரல் நிற்கும் இடத்தில் பென்சில் கோடு. கோடு வாரா வாரம் பின்னே நகர வேண்டும். மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்கி, துணி சுற்றிய ஐஸ் 15 நிமிடம்.

ஆறு வாரத்திலும் 90 டிகிரி வரவில்லையா? பிசியோவை மாற்றிக்கொண்டே இருக்காமல் அறுவை செய்த டாக்டரைப் பாருங்கள். மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் வழி இருக்கிறது. உள்ளே தழும்பு இறுகுமுன், மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன். கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.