போபால் மண்: எரிப்பதா, மூடுவதா, சூடேற்றிப் பிரிப்பதா?

2025 ஜனவரி முதல் நாள் இரவு, போபால் யூனியன் கார்பைடு வளாகத்திலிருந்து 337 டன் நச்சுக் கழிவு 12 கன்டெய்னர்களில் மத்தியப் பிரதேசத்திலேயே உள்ள பீதம்பூர் எரிப்பு ஆலைக்குக் கிளம்பியது. ஜூன் முடிவதற்குள் அத்தனையும் எரிந்து முடிந்தது. நாற்பது ஆண்டுத் தலைவலி தீர்ந்துவிட்டது என்கிற தொனியில்தான் அப்போது பேச்சு இருந்தது. ஆனால் அந்த 337 டன், வளாகத்தில் கிடந்ததைப் பொறுக்கிச் சேர்த்துக் கொட்டகையில் பூட்டி வைத்திருந்த சரக்கு மட்டும்தான். நாக்பூரின் நீரி (தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம்) 2010-ல் தந்த மதிப்பீட்டின்படி அங்கே மாசுபட்ட மண் சுமார் 11 லட்சம் டன். எரிந்தது அதில் மூவாயிரத்தில் ஒரு பங்குகூட வராது.

மீதி மண்ணை என்ன செய்யலாம்? கையில் இருக்கும் வழிகள் நான்கைந்து. ஒவ்வொன்றுக்கும் உலகத்தில் எங்கோ ஒரு முன்னுதாரணம் இருக்கிறது, அதன் கணக்கும் தெரிகிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில், மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுக்க முடியாது. செவின் என்ற பெயரில் விற்ற கார்பரில் பூச்சிமருந்து, அதன் மூலப்பொருளான நாப்தால், ஹெச்சிஹெச் என்ற குளோரின் பூச்சிமருந்து வகையறா, கரைப்பான்களான டைகுளோரோபென்சீன்கள், பாதரசம். 1999-ல் கிரீன்பீஸ் எடுத்த நீர் மாதிரிகளில் கார்பன் டெட்ராகுளோரைடும் குளோரோஃபார்மும் இருந்தன. எல்லாம் விஷவாயுக் கசிவின் மிச்சம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1984 டிசம்பரில் கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். அது அந்த இரவோடு காற்றில் கலந்து போனது. மண்ணில் இருப்பது தொழிற்சாலை ஒழுங்காக ஓடிய காலத்திலேயே கொட்டியது. கழிவுநீரைத் தேக்கி வெயிலில் ஆவியாக்க வளாகத்துக்கு வடக்கே குளங்கள் வெட்டியிருந்தார்கள். அவை கசிகின்றன என்று நிறுவனத்தின் உள்தகவல்களிலேயே 1982-ல் எழுதப்பட்டிருக்கிறது.

சரி, முதல் வழி எரிப்பது. 850 டிகிரிக்கு மேல் சுழலும் உலையில் வேகவைத்து, வரும் புகையை 1,100 டிகிரிக்கு மேல் இன்னொரு அறையில் மறுபடி எரித்து, உடனே வெடுக்கென்று குளிர்விக்க வேண்டும். மெதுவாக ஆறவிட்டால் குளோரின் சேர்மங்கள் கூடி டையாக்சின் என்ற கொடிய நஞ்சு ஆகிவிடும். ஒழுங்காகச் செய்தால் பூச்சிமருந்து வகைகளுக்கு இதைவிட முழுமையான முடிவு கிடையாது. பாதரசம் மட்டும் எரியாது. அது ஆவியாகிப் புகையோடு போகும், அல்லது வடிகட்டியில் பிடிபட்டுச் சாம்பலோடு சேரும். பீதம்பூரில் இன்னொன்றும் நடந்தது: சுண்ணாம்பு முதலானவற்றைச் சேர்த்து எரித்ததால் 337 டன் உள்ளே போய் 800 டன்னுக்கு மேல் சாம்பலும் கசடுமாக வெளியே வந்தது. எரித்த பிறகும் ஒரு புதைகுழி வேண்டியிருக்கிறது, அதுவும் போட்டதைவிடப் பெரியதாக.

செலவையும் வேகத்தையும் பாருங்கள். ஒதுக்கிய தொகை 126 கோடி. 337 டன்னுக்குப் பங்கிட்டால் டன்னுக்கு 37 லட்சம் ரூபாய். (2012-ல் ஜெர்மன் அரசின் ஜிஐஇசட் நிறுவனம் இதே சரக்கைச் சுமார் 25 கோடிக்குத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோய் எரித்துத் தருவதாக இருந்தது. பேச்சு முறிந்தது.) சோதனை ஓட்டத்தில் எட்டிய அதிக வேகம் மணிக்கு 270 கிலோ. அந்த வேகத்தில் இரவு பகல் நிறுத்தாமல் ஓட்டினால் 11 லட்சம் டன் எரிந்து முடிய 465 ஆண்டுகள் ஆகும். ஆக, மொத்த மண்ணுக்கும் எரிப்பு என்பதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். பீதம்பூர்க்காரர்கள் தெருவுக்கு வந்து போராடியதையும் இங்கே கணக்கில் சேர்க்க வேண்டும்: போபாலின் விஷத்தை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்ற அவர்கள் கேள்விக்கு இன்றுவரை யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

அடுத்தது மூடிவைப்பது. நீரி பரிந்துரைத்ததும் பெரும்பாலும் இதுதான்: மண்ணை வளாகத்துக்குள்ளேயே பாதுகாப்பான புதைகுழியில் போட்டு, நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிப்பது. கீழே பிளாஸ்டிக் விரிப்பு, மேலே களிமண் மூடி, சுற்றிலும் கண்காணிப்புக் கிணறுகள். வேறு ஊருக்கு லாரி போக வேண்டாம். செலவு மற்ற வழிகளோடு ஒப்பிட்டால் கொசுறு. அரசுகள் இதை விரும்புவதில் ஆச்சரியமே இல்லை.

இந்த வழியின் உண்மையான விலை பிற்பாடுதான் தெரியவரும். அமெரிக்காவின் லவ் கெனாலில் 21,800 டன் ரசாயனக் கழிவைப் புதைத்துக் களிமண் போட்டு மூடி, அந்த நிலத்தை 1953-ல் ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்திடம் கொடுத்தார்கள். 1978-ல் அங்கே நெருக்கடி நிலை அறிவிக்க வேண்டிவந்தது. பிறகு போட்ட மூடி உருப்படியானது, உண்மைதான். ஆனால் கழிவு இன்றும் அங்கேயேதான் இருக்கிறது, ஊறும் நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் நிலையமும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் போன்ஃபோல் கதை இன்னும் காரமானது. பாசல் நகர ரசாயன நிறுவனங்கள் 1961 முதல் 1976 வரை 1,14,000 டன் கழிவை அங்கே ஒரு களிமண் குழியில் கொட்டி மூடின. கடைசியில் அத்தனையையும் தோண்டி எடுத்து எரித்து 2016-ல் முடித்தார்கள். செலவு சுமார் 38 கோடி பிராங்க். பணக்கார நாடு, பொறுப்பேற்க நிறுவனங்கள் இருந்தன, செய்தார்கள். போபாலில் அந்த நிலையில் யார் இருக்கிறார்கள்? நிலம் 1998-ல் மாநில அரசின் கைக்கு வந்துவிட்டது. கார்பைடை 2001-ல் வாங்கிய டௌ கெமிக்கல், அந்தப் பொறுப்பு தன்னுடையது அல்ல என்றே சொல்லிவருகிறது.

போபாலுக்கே உரிய சிக்கலும் ஒன்று உண்டு. அது கரிசல் பூமி. ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதில் பெரும்பகுதி நான்கே மாதத்தில் கொட்டும். மற்ற மாதங்களில் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். அந்த மண்ணையே மூடியாகப் போட்டால் கோடையில் விழும் வெடிப்பு, முதல் மழைக்கு வாசல் திறந்து வைத்த மாதிரி. 1990-களில் ஆவியாக்கும் குளங்களின் கசடை ஒரே குளத்தில் தள்ளி மேலே மண் போட்டு மூடியிருக்கிறார்கள். எப்படிப் போயிற்று என்று குளத்தின் ஓரமாக நடந்து பார்த்தவர்களைக் கேட்டாலே போதும்.

எனக்குப் பிடித்த வழி மூன்றாவது: எரிக்காமல் சூடேற்றுவது. வியட்நாமின் டா நாங் விமான நிலையத்தில் அமெரிக்க ராணுவம் விட்டுப்போன டையாக்சின் மண்ணை இப்படித்தான் கையாண்டார்கள். கான்கிரீட் சுவர் எழுப்பி, மண்ணைக் குவித்து, உள்ளே சூடேற்றும் தண்டுகளைச் செருகி, சுமார் 335 டிகிரிக்குக் கொண்டுபோனார்கள். விஷம் பெரும்பாலும் மண்ணுக்குள்ளேயே சிதைந்துவிடும். ஆவியாக வருவதை உறிஞ்சிக் கரி வடிகட்டியில் பிடிக்கலாம். 2012-ல் தொடங்கி 2018-ல் முடிந்த வேலை, சுமார் 90,000 கனமீட்டர், செலவு ஏறக்குறைய 11 கோடி டாலர். போபால் சரக்குக்கு இது பொருந்தும். டைகுளோரோபென்சீன் 180 டிகிரி சுமாருக்கே கொதித்துவிடும், நாப்தால் 280-ஐத் தாண்டாது. பாதரசத்தையும் கந்தகம் ஏற்றிய கரியால் பிடித்துத் தனியே எடுக்க முடியும். ஊரைவிட்டு எதுவும் வெளியே போக வேண்டியதில்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். மின்சாரத்தைக் குடிக்கும் வேலை இது. களிமண்ணில் ஊறிய தண்ணீர் முதலில் ஆவியாகித் தொலைய வேண்டும், அதுவரை சூடு ஏறவே ஏறாது. டா நாங் விகிதத்தில் 11 லட்சம் டன்னுக்கும் செய்தால் ஆறாயிரம் கோடி ரூபாயைத் தாண்டும். 1989-ல் மொத்தப் பேரழிவுக்கும் சேர்த்துக் கார்பைடு கொடுத்த 47 கோடி டாலர், இன்றைய டாலர் மாற்று விகிதத்தில் சுமார் 4,000 கோடி ரூபாய்தான். அதனால் எல்லா மண்ணுக்கும் இல்லை. கசடுக் குளங்கள், ஆலைக்குள் கொட்டிய இடங்கள் போன்ற கடும் நஞ்சுப் பகுதிகளுக்கு மட்டும்.

மண்ணைக் கழுவுவது நான்காவது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையை வைத்துத் தமிழ்நாட்டில் நிறைய விவாதித்த விஷயம். பாதரசம் பெரும்பாலும் நுண்துகளில் ஒட்டியிருக்கும். கழுவினால் மணலும் கல்லும் ஓரளவு சுத்தமாகிப் பிரிந்துவிடும், நுண்துகளை மட்டும் சூடேற்றிப் பாதரசத்தை எடுக்கலாம். கொடைக்கானலில் தொழில்நுட்பத்தைவிட, எவ்வளவு மிச்சம் வைக்கலாம் என்பதில்தான் சண்டை. கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்பது அங்கே ஏற்கப்பட்ட இலக்கு. சோலைக்காட்டுச் சரிவில் அது போதாது என்றார்கள் போராடியவர்கள். ஆழமாகத் தோண்டினால் மரங்கள் போகும், மண் சரியும் என்றது மறுதரப்பு. இரண்டிலும் நியாயம் உண்டு. போபாலுக்கு வந்தால், களிமண்ணில் பெரும்பகுதி நுண்துகள்தான். கழுவி எதை மிச்சம்பிடிப்பது?

நுண்ணுயிர்களை விட்டுத் தின்னவைக்கும் வழியும் உண்டு. ஹெச்சிஹெச்சைச் சிதைக்கும் பாக்டீரியாக்களைப் பற்றி இந்தியாவிலேயே நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. பாதரசத்தை அவை தின்னாது. லேசான மாசு உள்ள ஓரப் பகுதிகளுக்கு, அவசரம் இல்லாத இடத்துக்கு, வைத்துக்கொள்ளலாம்.

இனி தண்ணீர். இங்கே ஒப்பீடு சட்டென்று முடிந்துவிடும், ஏனென்றால் இதுவரை செய்தது ஒன்றே ஒன்றுதான்: குழாய் போட்டது. 2004-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, வருடக்கணக்கில் இழுத்து, சுற்றியுள்ள குடியிருப்புகளுக்கு நல்ல தண்ணீர் வந்தது. வேண்டிய காரியம்தான். ஆனால் இது மக்களை விஷத்திலிருந்து நகர்த்தியதே ஒழிய விஷத்தை நகர்த்தவில்லை. மாசு பரவிய குடியிருப்புகளின் பட்டியல் 14, 22 என்று ஏறி 2018-ல் 42-க்கு வந்து நின்றது.

இறைத்துச் சுத்திகரிப்பது அடுத்த படி. கரி வடிகட்டி டைகுளோரோபென்சீனையும் நாப்தாலையும் நன்றாகப் பிடிக்கும். பிரச்சினை கீழே இருக்கிறது: டைகுளோரோபென்சீனும் கார்பன் டெட்ராகுளோரைடும் தண்ணீரைவிடக் கனமானவை. அடியில் இறங்கிப் பாறை இடுக்கில் தங்கி, சொட்டுச் சொட்டாகக் கரைந்துகொண்டே இருக்கும். பம்பை நிறுத்தினால் அளவு மறுபடி ஏறும். அதனால் இதற்கு முடிவுத் தேதி போட்டுக் கொடுக்கும் எந்தத் திட்ட அறிக்கையையும் நான் நம்ப மாட்டேன். நீர் போகும் வழியில் அகழி வெட்டி இரும்புத்தூள் நிரப்பும் முறை கார்பன் டெட்ராகுளோரைடை உடைக்கும், டைகுளோரோபென்சீனைப் பெரிதாக அசைக்காது. பாறையில் அகழி வெட்டுவதும் லேசான காரியமில்லை.

என்னைக் கேட்டால் வரிசை இதுதான்: கசடுக் குளத்தைத் தோண்டிச் சூடேற்றுவது முதலில், ஏனென்றால் கிணறுகளுக்கு இன்னும் தீனி போடுவது அதுதான். கூடவே நீர் இறைப்பு, குறைந்தது ஒரு தலைமுறைக்கு நிதி ஒதுக்கி. மிதமான மாசுள்ள மீதி மண்ணைக் களிமண்ணை மட்டும் நம்பாமல் செயற்கை விரிப்போடு மூடலாம், பராமரிப்பது யார் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்த 11 லட்சம் டன் என்ற எண்ணுக்கு இப்போது வயது பதினைந்தைத் தாண்டிவிட்டது. நடுவில் எத்தனையோ மழை பெய்து ஓடியிருக்கிறது. குளத்தையும் ஆலையையும் சுற்றிப் புதிதாகத் துளையிட்டு, எந்த ஆழத்தில் எது எவ்வளவு என்று அளந்த பிறகுதான் டெண்டர் விட வேண்டும். பீதம்பூருக்கு ஒதுக்கிய 126 கோடியில் ஒரு சிறு பகுதி இருந்தாலே அந்த அளவீட்டை முடித்திருக்கலாம்.