பலநாள் படகா, ஐஸ் பெட்டியா: திருகோணமலைக்கு எது தோது?

மீன்பிடியை வளர்ப்பது பற்றிப் பேச்சு எடுத்தால் திருகோணமலையில் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடுவோம். வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்யும் பலநாள் படகுகளைக் கூட்டி ஆழ்கடலுக்கு அனுப்ப வேண்டும் என்பது ஒரு பக்கம். ஒருநாள் தொழிலுக்குப் போகும் பைபர் படகுகளைக் காப்பாற்றி, பிடிக்கிற மீனுக்கு நல்ல விலை கிடைக்க வழி செய்ய வேண்டும் என்பது மறுபக்கம். நான் இரண்டாவது பக்கம்.

பலநாள் படகுக்காரர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இலங்கையின் பொருளாதார வலயம், அதாவது மீன் பிடிக்க இலங்கைக்கே உரிமையுள்ள கடற்பரப்பு, சுமார் 5,17,000 சதுர கிலோமீற்றர், நிலப்பரப்பைப் போல் கிட்டத்தட்ட எட்டு மடங்கு. இவ்வளவு கடலை விட்டுவிட்டு எல்லோரும் கரையோரத்திலேயே வலை போட்டால் மீன் எங்கே மிஞ்சும்? வாடைக் காற்றில் சிறு படகுகள் கரையேறிவிடும் மாதங்களில் பெரிய படகு வேறு துறைமுகத்துக்குப் போயாவது தொழில் செய்யும்.

ஆனால் அதன் செலவு சாதாரணமானதல்ல. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் என்று படகு புறப்படும் முன்பே கடன் ஏறிவிடும். மீன் படாமல் திரும்பினால் அந்தக் கடன் அடுத்த பயணத்தின் தலையில் விழும். மூன்று நான்கு வாரம் கடலில் நின்று வந்தால், முதல் நாட்களில் பிடித்த மீன் ஏற்றுமதித் தரத்தில் இருப்பது கஷ்டம். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சர்வதேசக் கடலுக்குப் போன நம் படகுகளைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 தொடக்கத்திலிருந்து 2016 நடுப்பகுதி வரை இலங்கை மீனுக்குத் தடை போட்டது. ஒழுங்காகத் தொழில் செய்தவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த அடி. அதே 2015இல், இந்து சமுத்திரத்தில் கெலவல்லா என்கிற மஞ்சள் துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டது என்று நாடுகள் சேர்ந்து நடத்தும் இந்து சமுத்திரச் சூரை மீன் ஆணைக்குழுவும் அறிவித்தது. படகு கூடினால் மீனும் கூடும் என்ற கணக்கு அங்கேயே உதைக்கிறது.

அப்புறம், நம் கடலின் அமைப்பு. திருகோணமலையின் கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே கடலடிப் பள்ளத்தாக்கு நுழைகிறது. ஆழம் நம் வாசலுக்கே வந்து நிற்கிறது. அதனால்தான் பைபர் படகில் போய்க் கைத்தூண்டிலில் கெலவல்லா பிடித்து, அன்றைக்கே கரைக்குத் திரும்ப முடிகிறது. மற்றப் பல ஊர்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு இது.

அதை எங்கே தொலைக்கிறோம்? படகின் தட்டில். பல படகுகளில் ஐஸ் பெட்டி கிடையாது. மீனின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு வெயிலில் வைத்துக் கொண்டு வருகிறார்கள். சூரை இனம் சூடானால் ஹிஸ்டமின் என்ற நச்சு உண்டாகும். அது வந்த பிறகு சமைத்தாலும் போகாது. கரையில் வியாபாரி செவுளைத் தூக்கிப் பார்க்கிறார், நிறம் மங்கியிருந்தால் விலையை இறக்கிக் கூறத் தொடங்குகிறார். பிடித்ததும் இரத்தம் வடித்து, குடலெடுத்து, ஐஸ் கலந்த தண்ணீரில் போட்டிருந்தால் அதே மீன் வேறு விலைக்குப் போயிருக்கும்.

சிறு படகுக்கும் பாடு இருக்கிறது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானபோது எத்தனையோ இயந்திரங்கள் கரையில் கிடந்தன. மீன் பிடிக்க டைனமைட் வெடிக்கிறவர்களாலும் தொல்லை; அந்த இடத்தில் குஞ்சும் மிஞ்சாது. கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலையை 2017இல் சட்டம் போட்டே தடுத்தார்கள். கடலில் காவல் இல்லாவிட்டால் எந்தச் சட்டமும் கடதாசிதான். 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் மீன்பிடியை ஒழுங்குபடுத்தும் முகாமைத்துவப் பகுதிகளை அறிவிக்கவும் மீனவர் குழுக்களை அமைக்கவும் இடம் தருகிறது. எந்த வலை, எந்தக் காலம் என்று முடிவெடுக்கும்போது மூதூர், கிண்ணியா, குச்சவெளித் தொழிலாளர் மேசையில் இருக்க வேண்டும்.

கையில் இருக்கிற பணம் ஒரு வேலைக்குத்தான் காணும் என்றால், முதலில் இறங்குதுறைகளுக்குப் பக்கத்தில் ஐஸ் ஆலை, கூட்டுறவுச் சங்கம் மூலம் பெட்டிக்குக் கடன், கடலில் ரோந்து. பலநாள் படகு அதற்குப் பிறகு வரட்டும். அதுவும் சங்கத்தின் பெயரில்.