டிராக் டேக்குக் காரைத் தயார் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

டிராக் டேக்காக (சொந்தக் காரை ரேஸ் பாதையில் ஓட்டிப் பார்க்கும் நாள்) காரை ஒர்க்‌ஷாப்பில் விடப்போகிறவர்கள், சாவியைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பில்லில் எழுதிய வேலையில் பாதியைச் செய்யவே இல்லை, மீதியைத் தப்பாகச் செய்திருந்தார்கள். அப்படியே "டிராக்குக்கு ரெடி" என்று சொல்லி என் காரைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிரேக் பெடல் தரையைத் தொட்ட பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஒர்க்‌ஷாப்பின் பெயரை எழுதப்போவதில்லை. என்னென்ன செய்து ஏமாற்றினார்கள், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

நான் கேட்டது சாதாரண வேலைதான். டிராக்கில் காரைக் கெடுப்பவை சூடும் சஸ்பென்ஷன் மேல் விழும் பாரமும். அதனால் பிரேக் ஆயில், சூடு தாங்கும் பிரேக் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை), கூலிங் சிஸ்டம் செக்கப், லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையின் மூட்டில் இருக்கும் ரப்பர்), காரைக் கொஞ்சம் இறக்கும் ஸ்பிரிங், கடைசியில் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது). எல்லாமே பில்லில் வரி வரியாக இருந்தது. ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை.

தெரியவும் தெரியாது. ரோட்டில் ஒரு முறை பிரேக் பிடித்தால் அடுத்த முறைக்குள் ஆறிவிடும். டிராக்கில் ஒவ்வொரு நேர்பாதையின் முடிவிலும் முழு வேகத்திலிருந்து அழுத்திப் பிடிக்கிறோம், ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. எஞ்சினும் அப்படித்தான், நிமிடக்கணக்கில் முழு பாரத்தில் ஓடுகிறது. செய்யாமல் விட்ட வேலை அங்கேதான் வெளியே வரும். இது அந்த ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.

முதலில் போனது பிரேக். பெடல் மெதுவாக இளக ஆரம்பித்தது. அடுத்த சுற்றில், நேர்பாதையின் முடிவில், கால் வைத்ததும் அப்படியே உள்ளே போய்விட்டது. திரும்பத் திரும்ப மிதித்ததில் கொஞ்சம் பிடித்தது, கார் ஓடுபாதையைத் தாண்டி ஜல்லியில் போய் நின்றது. யாருக்கும் அடி இல்லை. முன்னால் இன்னொரு கார் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கோபம்தான் வருகிறது.

பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் பேட் சூட்டில் பிடிமானத்தை இழந்திருக்கிறது. பெடல் இளகி உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்து, குழாயில் ஆவிக் குமிழ் சேர்ந்திருக்கிறது. என் காரில் நடந்தது இரண்டாவது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 5.1-க்கு இந்த அளவுகள் 260, 180. டிராக்கில் சூடேறிய காலிப்பருக்கு (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) 155 ஒரு பொருட்டே இல்லை.

பிட்டில் (டிராக் ஓரத்தில் காரை நிறுத்தி வேலை பார்க்கும் இடம்) இருந்த அனுபவசாலியான ஒரு மெக்கானிக் கார் ஆறியதும் சக்கரத்தைக் கழற்றி முதலில் காட்டியது பிளீடர் நிப்பிளைத்தான், அதாவது பழைய பிரேக் ஆயிலை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகை. அதன் மேல் பழைய துரு உடையாமல் அப்படியே இருந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. பானட்டைத் திறந்து பார்த்தால் டப்பாவில் ஆயில் பளிச்சென்று தெளிவாக இருக்கிறது. காலிப்பரிலிருந்து வந்ததோ கறுத்துப்போன ஆயில். மேலே டப்பாவில் இருந்ததை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதை ஊற்றியிருக்கிறார்கள். பேட் மட்டும் உண்மையிலேயே புதிதுதான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

கூலிங் விஷயத்தில் செய்தது இன்னும் மோசம். டெலிவரி எடுக்கும்போது ஓபிடி ரீடரை (காரின் கம்ப்யூட்டரிலிருக்கும் அளவுகளைக் காட்டும் கருவி) மாட்டி, கூலன்ட் சூடு முன்பைவிடக் குறைவாக இருப்பதைப் பெருமையாகக் காட்டினார்கள். பிறகு திறந்து பார்த்தால் தெர்மோஸ்டாட்டையே (எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றி எறிந்திருக்கிறார்கள்! தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் ரோட்டில் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது, அதனால் எண் குறைவாகத்தான் காட்டும். டிராக்கில் முழு பாரத்தில் ஓடும்போது தெர்மோஸ்டாட் எப்படியும் முழுதாகத் திறந்துதான் இருக்கும். அதைக் கழற்றியதால் அங்கே கூலிங் ஒன்றும் கூடிவிடாது.

அதோடு ரேடியேட்டரைச் சுற்றியிருந்த காற்றுத் தடுப்புகளையும் அடிக்கவசத்தையும் திரும்ப மாட்டவே இல்லை. காற்று எப்போதும் சுலபமான வழியாகத்தான் போகும். ஓரங்களில் இடைவெளி இருந்தால் ரேடியேட்டருக்குள் நுழையாமல் பக்கவாட்டில் நழுவிவிடும். நின்றிருக்கும்போது சூடு ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேனைப் பாருங்கள். வேகத்தில் போகும்போதுதான் ஏறுகிறது என்றால் ரேடியேட்டரும் அதற்குள் போகும் காற்றும்தான் சந்தேகத்துக்குரியவை. எனக்கு ஏறியது வேகத்தில்தான். டேஷ்போர்டு முள்ளை மட்டும் நம்பவேண்டாம். நிறைய கார்களில் அது ஒரு பெரிய வரம்பு முழுக்க நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். அது நகரும்போது நிலைமை கைமீறியிருக்கும்.

இனி சஸ்பென்ஷன். "லோயரிங் ஸ்பிரிங்" என்று பில் போட்டது, கம்பெனி ஸ்பிரிங்கையே ஒரு சுற்று வெட்டி மாட்டியது. வெட்டிய முனை அதன் இருக்கையில் சரியாக உட்காராது. கெர்ப் (வளைவின் ஓரத்தில் இருக்கும் மேடு) மேல் ஏறி சக்கரம் தொங்கும் நேரத்தில் ஸ்பிரிங் இடம் நழுவலாம். கார் இறங்கியதால் ஷாக் அப்சார்பரின் நகரும் தூரமும் குறைந்து, வளைவுகளில் பம்ப் ஸ்டாப்பில் (அசைவின் கடைசியில் தடுக்கும் ரப்பர்) போய் இடிக்கிறது. அந்த நொடியில் அந்தச் சக்கரத்துக்கு ஸ்பிரிங் இருந்தும் இல்லாத மாதிரிதான், டயர் பட்டென்று பிடியை விட்டுவிடும். ரோட்டில் இதெல்லாம் "நல்லா டைட்டா இருக்கு" என்றுதான் தோன்றும்.

புஷ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல ஒர்க்‌ஷாப்களில்கூட இந்தத் தப்பு நடக்கிறது. லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷில் உள்குழாய் போல்ட்டோடு இறுகி நிற்கும், ஆர்ம் ஆடும்போது ரப்பர்தான் முறுகிக்கொடுக்கும். அதனால் காரின் எடை சக்கரங்களின் மேல் இருக்கும்போதுதான், அல்லது ஆர்மை அதே உயரத்துக்குத் தூக்கிப்பிடித்துத்தான், கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே முறுக்கிவிட்டால், காரை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுகிய நிலையிலேயே நிற்கும். அதன்மேல் டிராக்கின் பாரமும் விழுந்தால் சீக்கிரம் கிழிந்துவிடும். என் புதுப் புஷ்கள் அப்படித்தான் கிழிந்திருந்தன. பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுத்ததற்குக் காரணம் அதுதான்.

அலைன்மென்ட் பிரிண்ட் ஒன்றும் கொடுத்தார்கள். அதிலிருந்த தேதியைப் பார்த்தால், ஸ்பிரிங் மாட்டுவதற்கு முன்னால் எடுத்தது. உயரம் மாறினால் கேம்பரும் (சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) டோவும் (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும் என்பதால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பே இல்லை. டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்து, ரப்பர் துருத்திக்கொண்டு நின்றது.

கேட்கப் போனபோது சொன்ன பதில்: "டிராக்குல ஓட்டினா எதுவும் போகும் சார், அதுக்கு நாங்க பொறுப்பில்ல." டிராக்கில் ஓட்டினால் பேட் தேயும், டயர் தேயும், சரி. திறக்காத நிப்பிளில் இருக்கும் துரு டிராக்கில் ஓட்டியதால் வந்ததா? ஸ்பிரிங் டிராக்கில் ஓடும்போது தன்னைத்தானே வெட்டிக்கொண்டதா? படங்களைக் காட்டிய பிறகு பிரேக் ஆயிலின் பணத்தை மட்டும் தருகிறோம் என்றார்கள். நான் வாங்கவில்லை.

நீங்கள் காரைக் கொடுக்கும்போது, கழற்றிய பழைய பாகங்கள் அத்தனையும் வேண்டும் என்று முதலிலேயே சொல்லி ஜாப் கார்டில் எழுத வையுங்கள். நிப்பிள்களிலும் ஆர்ம் போல்ட்களிலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திறந்திருந்தால் கோடு பழைய இடத்தில் இருக்காது. பிரேக் ஆயிலை சீல் உடைக்காத டப்பாவாக நீங்களே வாங்கிக் கொடுப்பது இன்னும் நல்லது. அலைன்மென்ட்டுக்கு வேலைக்கு முந்தைய அளவும் பிந்தைய அளவும் ஒரே காகிதத்தில் கேளுங்கள். புஷ்ஷை எந்த உயரத்தில் வைத்து முறுக்குவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் தடுமாறினால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். டிராக்கில் முதல் செஷன் முடிந்ததும் வீல் நட்களை டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்) வைத்துத் திரும்பச் சரிபாருங்கள். அப்புறம், கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி ஆறவிட்டுத்தான் பிட்டுக்குள் வர வேண்டும். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விடுங்கள், கொதிக்கும் டிஸ்க்கைப் பேட் இறுக்கிப் பிடித்திருக்கக் கூடாது.

இப்போது என் காரில் கம்பெனி ஸ்பிரிங், புது தெர்மோஸ்டாட், காற்றுத் தடுப்புகள் எல்லாம் திரும்ப வந்துவிட்டன. புஷ்களைத் தரையில் நிற்கும் உயரத்தில் முறுக்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெட்டிய ஸ்பிரிங்குகளும் கிழிந்த புஷ்களும் தேதியோடு எடுத்த படங்களும் பத்திரமாக இருக்கின்றன. எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.