தொழிற்சாலை கேம்பரா, கராஜில் கட்டிய வேனா?

நானும் மச்சானும் ஆளுக்கொரு வீட்டு வண்டி, அதாவது உள்ளேயே தங்கிப் பயணம் போகும் கேம்பர் வைத்திருக்கிறோம். அவருடையது ஜப்பானில் தொழிற்சாலையிலேயே கட்டிய பழைய கேம்பர். என்னுடையது திருகோணமலைக் கராஜில் கட்டிய டொல்பின் வேன் (டொயோட்டா ஹையேஸ்).

அவருடைய வண்டியின் உள்வேலை அழகு. அலுமாரிக் கதவுகள் இன்றும் ஆடவில்லை. ஆனால் சுவர் என்பது மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு. மூட்டுகளில் பூசிய பசை வெடித்து, மார்கழி மழை உள்ளே இறங்கி, சட்டம் உக்கிவிட்டது. வெளியே எதுவும் தெரியாது. கையால் அழுத்தினால்தான் சுவர் அமுங்கும். வாங்கப் போகிறவர்கள் கட்டாயம் அழுத்திப் பாருங்கள். உள் மின்சாரமும் 100 வோல்ட். எங்கள் 230 வோல்ட்டோடு இணைக்க ட்ரான்ஸ்போமர் வேண்டும். விற்ற இடம் கொழும்பில், இங்கிருந்து சுமார் 260 கிலோமீற்றர். திருத்துவதற்காக மூன்று தடவை போனார். மூன்று தடவையும் ‘சாமான் வரும்’ என்றுதான் சொன்னார்கள்.

என் வேன் இரும்பு உடம்பு. நிலாவெளி உப்புக்காற்றில் கறள் பிடிக்கிறது, அலுமாரியும் கிறீச்சிடுகிறது. சரி, ஆனால் கட்டிய டிங்கர் பாஸ் (தகட்டு வேலைக்காரர்) கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். கூரை ஒழுகியபோது அன்றைக்கே வந்து அடைத்துத் தந்தார். இந்தக் கரையோரத்தில் ஓட்டுவதென்றால், மறுபடியும் கராஜ் வேனைத்தான் எடுப்பேன்.