மூன்று கூம்புக் கிடார்: நேஷனல் ட்ரைகோன்

லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பழைய வாத்தியக் கடையில் நேஷனல் நிறுவனத்தின் ட்ரைகோன் கிடார் வாசிக்கக் கிடைத்தது. மடியில் வைத்ததும் தெரிவது கனம்தான். உடம்பில் மரமே கிடையாது, எல்லாம் ஜெர்மன் சில்வர் தகடு.

மின்சாரக் கிடார் வராத காலத்துச் சரக்கு இது. பாண்டு வாத்தியங்களுக்கு நடுவே கிடார் காதில் விழாது. சத்தமான கிடார் வேண்டுமென்று மேடைக் கலைஞர் ஜார்ஜ் பீச்சம் கேட்க, ஜான் டோப்யெரா செய்து கொடுத்தார். 1927இல் விற்பனைக்கு வந்தது. சல்லடை மூடிக்குக் கீழே ஆறு அங்குல அலுமினியக் கூம்புகள் மூன்று. கம்பியின் அதிர்வை, கம்பிகளைத் தாங்கும் 'டி' வடிவப் பிரிட்ஜ் மூன்றுக்கும் பிரித்துக் கொடுக்கிறது; அவை அதிர்ந்து சத்தத்தைப் பெருக்குகின்றன.

தகர டப்பா மாதிரி கத்தும் என்று நினைத்திருந்தேன். இல்லை, குழைவான நாதம். ஸ்லைடை (கம்பி மேல் நகர்த்தும் குழாய் அல்லது கட்டை) வைத்து இழுத்தால் சுரம் அறுபடாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. அப்புறம் வந்த ஒற்றைக் கூம்பு மாடல் விலை குறைவு; எடுப்பு அதிகம், ஆனால் சீக்கிரம் அடங்கிவிடும். எனக்கு ட்ரைகோன்தான். தோளில் மாட்டி நின்று வாசிப்பவர்கள் முதுகிடம் அனுமதி வாங்கிக்கொள்ளட்டும்!

விலையைப் பற்றிப் பேச வேண்டாம். வாங்குவதானால் கழுத்தைப் பாருங்கள்: சதுரக் கழுத்து என்றால், மடியில் படுக்கவைத்து ஹவாய் பாணியில் வாசிப்பதற்கு மட்டும். கூம்புகள் மெல்லியவை. நசுங்கியிருந்தால் கரகரக்கும், அதனால் ஒவ்வொரு கம்பியையும் அழுத்தமாகத் தட்டிக் கேளுங்கள்.