எப்வர்த் பழைய குருமனை: தரங்கம்பாடிக் கடிதங்கள் போய்ச் சேர்ந்த வீடு

இங்கிலாந்தின் வடக்கு லிங்கன்ஷயரில் எப்வர்த் ஒரு சின்ன ஊர். நடுவில் சந்தைத் திடல், மேட்டின்மேல் புனித அந்திரேயா ஆலயம், கீழே செங்கல்லில் கட்டிய பழைய குருமனை, அதாவது குருவானவர் குடியிருந்த வீடு. இந்தக் குருமனைதான் இன்று அருங்காட்சியகம். மெதடிஸ்த சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லி பிறந்த வீடு இது என்று நம்பித்தான் பெரும்பாலோர் வருகிறார்கள். வாசலில் நின்று படமும் எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. வெஸ்லி 1703இல் பிறந்த வீடு 1709 பிப்ரவரி 9 இரவில் எரிந்துபோனது. இப்போது நிற்பது அதே மனையில் அதன்பின் கட்டியது.

எரிந்துபோன வீடு எப்படி இருந்தது என்பதற்கு 1607ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. ஐந்து அங்கணம், மூன்று தளம், ஏழு பெரிய அறைகள். எல்லாம் மரச்சட்டமும் காரையும், மேலே வைக்கோல் கூரை. தீப்பிடித்தால் நிற்காது, நிற்கவும் இல்லை. மாடியில் அகப்பட்டுக்கொண்ட ஐந்து வயது ஜானை இறக்க ஏணி கொண்டுவர நேரமில்லை. ஒருவர் தோள்மேல் இன்னொருவர் ஏறிச் சன்னல் வழியாகத் தூக்கினார்கள். தூக்கிய கையோடு கூரை உள்நோக்கிச் சரிந்தது. யாரோ வைத்த தீ என்ற சந்தேகம் அன்றே எழுந்தது, நிரூபணமாகவில்லை. ஜானின் தகப்பனார், ஊர்க் குருவானவர் சாமுவேல் வெஸ்லிக்கு ஊரில் பகை இருந்தது உண்மை. 1705 தேர்தலில் எடுத்த நிலைப்பாட்டால் ஊராரின் கோபத்துக்கு ஆளானவர் அவர். அதே ஆண்டு முப்பது பவுன்கூட இல்லாத கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் கிடந்தார்.

வீட்டைத் திரும்பக் கட்ட ஏறத்தாழ 400 பவுன் ஆயிற்று. அவருடைய ஆண்டு வருமானமோ 200 பவுன் அளவுதான். பதின்மூன்று ஆண்டு கழித்தும் வீட்டில் பாதிச் சாமான்கூடச் சேரவில்லை என்று அவர் மனைவி சூசன்னா தம் சகோதரருக்கு எழுதினார். அறைகளைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும். நாற்காலியும் கட்டிலும் நிறைந்த அந்த அறைகள் அக்காலத்து வீடு எப்படி இருக்கும் என்று காட்டுபவை. வெஸ்லி குடும்பம் வாழ்ந்தது அதைவிட வெறுமையான வீட்டில்.

பிறந்த வீடு இதுவல்ல என்றால் பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்துவிடக் கூடாது. சபை வரலாற்றில் அக்கறை உள்ளவர்களுக்கு இந்த வீடுதான் முக்கியம். காரணம் 1711–12 குளிர்காலம்.

சாமுவேல் லண்டனில் திருச்சபைப் பேரவைக்குப் போயிருந்தார். ஆலயத்தைப் பார்த்துக்கொள்ள இன்மன் என்ற உதவிக்குருவை அமர்த்தியிருந்தார். சூசன்னா ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளையும் வேலையாட்களையும் உட்காரவைத்து ஜெபம் படித்து ஒரு பிரசங்கமும் வாசித்தார். வேலைக்காரப் பையன் தன் வீட்டில் போய்ச் சொன்னான். அவன் பெற்றோர் வந்தார்கள். அடுத்த வாரங்களில் முப்பது, நாற்பது பேர். பிறகு இருநூறுக்கும் மேல். உள்ளே நிற்க இடமில்லாமல் திரும்பிப் போனவர்கள் வேறு. இன்மன் லண்டனுக்குப் புகார் எழுதினார். கணவரின் ஆட்சேபத்துக்குச் சூசன்னா எழுதிய பதில் கடிதம், 1712 பிப்ரவரி 6 தேதியிட்டது, இன்றும் இருக்கிறது.

அந்தக் கடிதத்தில் தமிழர்கள் நின்று வாசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இதையெல்லாம் செய்ய எது தூண்டியது என்று அவரே சொல்கிறார். மகள் எமிலி தகப்பனாரின் படிப்பறையில் டேனிஷ் மிஷனரிகளின் வரலாற்றைக் கண்டெடுத்தாள்; அவளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்; வேறெதுவும் தம்மை இவ்வளவு அசைத்ததில்லை என்று எழுதுகிறார். அந்த டேனிஷ் மிஷனரிகள் வேறு யாருமல்ல, 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் புளூச்சோவும்தான். அவர்களுடைய கடிதங்கள் 1709இல் ஆங்கிலத்தில் அச்சேறின. தரங்கம்பாடிக் கடற்கரையில் தமிழ் படிக்கத் திணறிய இரண்டு பேரின் கடிதங்கள் லிங்கன்ஷயர் சதுப்பு நிலத்து வீடொன்றில் உரக்க வாசிக்கப்பட்டு, ஒரு தாய் தன் வீட்டுக் கதவை ஊருக்குத் திறந்துவிட்டிருக்கிறார். தமிழ்ச் சபைகளிலிருந்து போகிறவர்கள் இதற்காகவே இந்த வீட்டை மிதிக்கலாம்.

பிள்ளைகளோடு தனித்தனியாகப் பேச நாள் ஒதுக்கியதும் அதே கடிதத்தில் வருகிறது. திங்கள் மோலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜாக்கி, வெள்ளி பேட்டி (மார்த்தா), சனி சார்லஸ், ஞாயிறு எமிலியும் சூக்கியும் சேர்ந்து. வியாழக்கிழமை ஜாக்கிதான் ஜான் வெஸ்லி. பிற்பாடு அவர் பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்று வகுப்புக் கூட்டம் அமைத்து, வாரம் ஒரு முறை ஒவ்வொருவரையும் விசாரிக்கச் செய்ததைப் பார்த்தால் இந்த வியாழக்கிழமைகள்தான் நினைவுக்கு வருகின்றன.

கூட்டம் அடுக்களையில் நடந்தது என்பது வழக்கு. இருநூறு பேர் ஓர் அடுக்களைக்குள் அடங்குவார்களா என்று அங்கே நின்று பார்த்தாலே தெரியும். கூடத்திலும் மற்ற அறைகளிலும் வழிந்துதான் நின்றிருக்க வேண்டும். வழிகாட்டி அழைத்துப் போகும்போது தீவிபத்துக் கதையும், 1716–17 குளிர்காலத்தில் மச்சில் சத்தமிட்டதாகச் சொல்லும் ‘ஓல்ட் ஜெஃப்ரி’ பேய்க் கதையும்தான் எல்லோருக்கும் பிடிக்கின்றன, நேரமும் அதிலேயே போய்விடும். அடுக்களையில் நிறுத்தி 1712 கடிதத்தைப் பற்றிக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு பயணத்தின் நிறமே மாறும்.

தேதிகளில் ஓர் எச்சரிக்கை. தீவிபத்து 1708 என்று சில நூல்களிலும் 1709 என்று சிலவற்றிலும் இருக்கும். சூசன்னாவின் கடிதமும் அப்படியே 1711, 1712 என்று மாறி மாறி வரும். இரண்டில் ஒன்று அச்சுப்பிழை அல்ல. 1752 வரை இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஆகவே ஜனவரி, பிப்ரவரி தேதிகள் பழைய ஆண்டிலேயே எழுதப்பட்டன. 1752இல் நாட்காட்டியும் பதினொரு நாள் முன்னே தள்ளப்பட்டது; அதனால் வெஸ்லியின் பிறந்தநாள் பழைய கணக்கில் ஜூன் 17, புதிய கணக்கில் ஜூன் 28. தங்கள் சபையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1752க்கு முந்தைய ஆங்கிலப் பதிவு எதையும் எடுத்தாளும்போது இதைச் சரிபார்க்காவிட்டால் ஓராண்டு பிசகும்.

1735 ஏப்ரலில் சாமுவேல் இறந்ததும் குடும்பம் வீட்டைக் காலி செய்தது. வீட்டின் வெஸ்லி கதை அங்கே முடிகிறது. சபையின் கதையைப் பார்க்க வீட்டை விட்டு வெளியே போக வேண்டும், எல்லாம் நடக்கிற தூரம்தான். ஒரு மணி நேரத்தில் வீட்டைக் காட்டிவிட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் சுற்றுலாப் பேருந்துகள் செய்யும் தவறு இதுவே. அரை நாளாவது ஒதுக்குங்கள்.

முதலில் ஆலய முற்றம். 1742 ஜூன் 5 சனிக்கிழமை ஜான் வெஸ்லி எப்வர்த் வந்து ஊர் நடுவே இருந்த சத்திரத்தில் தங்கினார். மறுநாள் ஆலயத்தில் பிரசங்கிக்கவோ ஜெபம் வாசிக்கவோ உதவிக்குரு ரோம்லி விடவில்லை. மாலை ஆறு மணிக்கு வெஸ்லி தம் தகப்பனாரின் கல்லறைக் கல்மேல் ஏறி நின்று, தேவனுடைய ராஜ்யம் புசிப்பும் குடிப்புமல்ல என்ற ரோமர் 14:17 வசனத்தைப் பிரசங்கித்தார். எப்வர்த் அதுவரை காணாத கூட்டம் என்பது அவருடைய நாட்குறிப்பு. 13ஆம் தேதி கடைசி மாலையில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் நின்றும் பிரிய மனம் வரவில்லை என்கிறார். தகப்பனாரின் பிரசங்க மேடையில் மூன்று ஆண்டு பிரசங்கித்ததைவிட அந்தக் கல்லின்மேல் மூன்று நாள் நின்றது அதிகப் பலன் தந்தது என்றும் எழுதினார். கல்லறை ஆலயத்தை ஒட்டியே இருக்கிறது. பார்க்கக் கட்டணம் இல்லை. ஏறி நிற்க வேண்டாம்.

அவர் வருமுன்பே ஊரில் சபை முளைவிட்டிருந்தது. ஜூன் 9 நாட்குறிப்பில் ஒரு செய்தி: புதுமதக்காரர்கள் என்று ஒரு வண்டி நிறைய ஆட்களை ஏற்றி நீதிபதி முன் கொண்டுபோனார்களாம். குற்றம் என்ன என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒருவர், இவர்கள் என் மனைவியை மனந்திருப்பிவிட்டார்கள், முன்பெல்லாம் அவள் நாக்குக்கு அளவே இல்லை, இப்போது ஆட்டுக்குட்டிபோல் இருக்கிறாள் என்றார். நீதிபதி, அப்படியானால் இவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விடுங்கள், ஊரிலுள்ள வாயாடிகளை எல்லாம் மனந்திருப்பட்டும் என்று அனுப்பிவிட்டார்.

சந்தைத் திடலுக்கு வந்தால் இன்னொரு பெயரை நினைக்க வேண்டும்: அலெக்சாண்டர் கில்ஹம். 1762இல் இதே ஊரில் பிறந்தவர். சபை நிர்வாகத்தில் சாதாரண உறுப்பினர்களுக்கும் பங்கு வேண்டும் என்று எழுதியதற்காக 1796இல் விலக்கப்பட்டு, 1797இல் மெதடிஸ்த நியூ கனெக்ஷன் என்ற தனிச் சபையைத் தொடங்கினார். மெதடிஸ்தத்தின் முதல் பெரிய பிளவுக்குத் தலைவரும் வெஸ்லியின் ஊர்க்காரர்தான். 1907இலும் 1932இலும் நடந்த இணைப்புகளுக்குப் பிறகே பிரிந்த கிளைகள் ஒரே மெதடிஸ்த சபையாயின. எப்வர்த் பதிவுகளைத் தேடுவோர் ‘வெஸ்லியன்’ என்ற தலைப்பில் மட்டும் தேடினால் பாதிக் குடும்பங்கள் தவறிப்போகும். 1932க்கு முந்தையது என்றால் எந்தக் கிளை என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஹை ஸ்ட்ரீட்டில் உள்ள வெஸ்லி நினைவு ஆலயம் 1889இல் திறக்கப்பட்டது. கோபுரமும் வண்ணக் கண்ணாடியுமாக அழகானதுதான். ஆனால் அடுக்களையும் கல்லறையும் பார்த்துவிட்டு வந்தால்தான் அதன் பொருள் புரியும். முதலில் இங்கே வந்தவர்களுக்கு இது இன்னொரு விக்டோரியா காலக் கட்டடம்.

போகும் வழி: லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து டான்காஸ்டருக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், அங்கிருந்து எப்வர்த் சுமார் 25 கி.மீ. ஞாயிறன்று பேருந்தை நம்பக் கூடாது. காரில் வந்தால் எம்180 நெடுஞ்சாலையின் 2ஆம் சந்திப்பில் இறங்கி ஏ161 சாலையில் தெற்கே திரும்ப வேண்டும். உலக மெதடிஸ்த மன்றம் 1954இல் வாங்கிச் செப்பனிட்டு 1957இல் திறந்த இந்த அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. குளிர்கால மாதங்களில் மூடியிருக்கும், ஆகவே நாளை உறுதிசெய்துகொண்டு பயணச்சீட்டு எடுங்கள். பழைய மாடிப்படி, மச்சுவரை ஏற முடியாத பெரியவர்கள் கீழ்த்தளத்தோடு நின்றுகொண்டாலும் ஒன்றும் இழக்கமாட்டார்கள், அடுக்களை கீழேதான் இருக்கிறது.