கடல் மீன் வாங்குபவர்களே, பையில் வரும் தண்ணீரின் உப்பை அளக்காமல் விட்டுவிடாதீர்கள்

கடையிலிருந்து கொண்டுவந்த கடல் மீன்கள் இரண்டு மூன்று நாளில் காரணமே தெரியாமல் சாகின்றனவா? உங்கள் தொட்டியைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஐந்து மீன்களையும் ஒரு க்ளீனர் இறாலையும் பறிகொடுத்த பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

என் தொட்டி இரண்டு மாதம் மீனே இல்லாமல் ஓடியது. அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், வெப்பம் 25 டிகிரி, உப்பு 1.025 (நல்ல தண்ணீரை 1 என்று வைத்து, உப்பால் கூடும் அடர்த்தியைச் சொல்லும் எண்). அதன்பிறகுதான் ஒரு ஜோடி க்ளவுன் மீன் வாங்கினேன். கடையில் துறுதுறுவென்று இருந்தவை. மூன்றாம் நாள் காலை ஒன்று மணலில் சாய்ந்து கிடந்தது. செவுள் படபடவென்று அடிக்கிறது, உடம்பில் ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை, துடுப்பு கிழியவில்லை, மூக்குக்கு நேரே போட்ட இறால் துணுக்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. மதியத்துக்குள் போய்விட்டது. இன்னொன்று மறுநாள்.

தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு சோதனை ஸ்ட்ரிப்பை நனைத்துப் பார்த்துவிட்டு, "உங்க தண்ணிலதான் கோளாறு, அம்மோனியா ஏறியிருக்கு" என்றார். வீட்டுக் கிட்டில் பூஜ்யம் காட்டுகிறதே என்றேன். அது பழைய கிட்டாக இருக்கும் என்றார். அம்மோனியா நீக்கும் மருந்து ஒன்று, பிஎச் ஏற்றும் மருந்து ஒன்று, கூடவே இன்னும் இரண்டு மீன். அவையும் நான்கு நாள் தாண்டவில்லை.

அடுத்து அவர் செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி என்று சொல்லி, தாமிர மருந்தைக் கொடுத்து நேராகத் தொட்டியிலேயே ஊற்றச் சொன்னார். அங்கே இறாலும் நத்தைகளும் இருப்பது அவருக்குத் தெரியும். இறாலை விற்றதே அவர்தான். முதுகெலும்பில்லாத உயிர்களுக்குத் தாமிரம் விஷம். விடிந்து பார்த்தால் இறால் கவிழ்ந்து கிடக்கிறது, நத்தைகள் கண்ணாடியை விட்டு உதிர்ந்திருக்கின்றன. லைவ் ராக்கும் (நுண்ணுயிர்கள் வாழும் கடல் பாறை) மணலும் தாமிரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்ல மெல்லக் கக்கும் என்பதால், அந்தத் தொட்டியில் மறுபடி இறால் விட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

ஐந்தாவது மீனைத் தொட்டியில் விட்ட பிறகு, பையில் வந்த தண்ணீர் வாளியில் கிடந்தது. ஏதோ தோன்ற, உப்பு அளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். 1.017. கருவியைக் கழுவி, உப்பளவு முன்பே தெரிந்த 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) கரைசலை வைத்துச் சரிபார்த்தேன், கருவி சரி. திரும்பவும் 1.017. அந்த மீனும் மூன்றாம் நாள் போய்விட்டது.

உப்புச் செலவும் குறையும், ஒட்டுண்ணியும் அடங்கியிருக்கும் என்பதால் சில கடைகளில் உப்பைக் குறைத்தே வைப்பார்கள். அதில் தப்பில்லை. வாங்குபவரிடம் சொல்லாமல் மறைப்பதுதான் தப்பு. கடல் மீன் உப்புத் தண்ணீரைக் குடித்து, மிகுதி உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றி உயிர் வாழ்கிறது. உப்புக் குறைந்தால் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். ஏறினால் பழக நாட்கள் ஆகும். அரை மணி நேரத்தில் 1.017-லிருந்து 1.025-க்கு மாற்றினால் உடம்பிலுள்ள நீர் வற்றிப்போகும். முதல் நாள் நன்றாக நீந்துவதுபோல் தெரியும், அப்புறம் சாயும்.

கடைக்காரரிடம் கேட்டேன். "எப்பவும் அப்படித்தான் வைப்போம். வாசல் தாண்டினா கேரண்டி கிடையாது" என்றார். ஆக, தெரிந்தேதான் எனக்கு அத்தனை மருந்துகளையும் விற்றிருக்கிறார்.

கடைத் தொட்டியின் உப்பு எவ்வளவு என்று கேட்டு, உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் கருவியையே கொண்டுபோங்கள். முள் அசைந்து உப்பளவைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை நம்பாதீர்கள், முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே அளவு கூடக் காட்டும். தண்ணீரில் தாமிரம் கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். மீன் இரை எடுப்பதைப் பார்க்காமல் வாங்காதீர்கள். வீட்டில் தனியாக ஒரு சின்னத் தொட்டியில் அதே உப்பளவில் தண்ணீர் தயாராக இருக்கட்டும். ஒரு நாளைக்கு 0.001 வீதம் ஏற்றுங்கள். தாமிர மருந்து தேவைப்பட்டாலும் அந்தத் தொட்டியில்தான். நெடுநேரம் பயணம் செய்து வந்த மீனைப் பைத் தண்ணீரிலேயே வைத்து, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து பழக்க வேண்டாம். பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறும், அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா விஷமாக மாறும்.

இப்போது வேறொரு இடத்தில் ஒரு க்ளவுன் மீன் வாங்கியிருக்கிறேன். பைத் தண்ணீர் 1.019 இருந்தது. தனித்தொட்டியில் இன்று 1.023 வரை வந்திருக்கிறது. காலையில் மூடியைத் திறக்கும்போதே மேலே வந்து நிற்கிறது.